தீவுக்கு அப்பாவையும் கூப்பிட்ட அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை. இங்கே அனைவரும் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்த முறை அப்பாவின் இடது முழங்கையையும் என் இரண்டு உள்ளங்கைகளையும் விட்டுவிட்டு மீதி எல்லாம் நலம் என்று வைத்துக்கொள். உனக்கு வருகிற கடிதமெல்லாம் அப்பா லாரித் தார்ப்பாய் தைக்கிற மெஷினை மிதித்தபடி சொல்லச் சொல்ல நான் எழுதுவதுதான், அன்புள்ள மகனுக்கு என்று தொடங்கி, வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலை காயாமல் வெளியே போகாதே என்று புத்தி சொல்லி ஆசீர்வாதத்தில் முடியும். இது அவர் சொல்லி எழுதுவது அல்ல. அவர் தூங்குகிறார். மெஷினில் இருக்கிற சின்ன பல்பை மட்டும் போட்டுக்கொண்டு எழுதுகிறேன், அவர் இருமினால் அணைத்துவிடுகிறேன், அதனால் எழுத்து கோணலாக இருக்கும், இருந்தாலும் உன் எழுத்தைவிட மோசமாக இருக்காது. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நம் வீட்டில் போன் பேசுகிற அழகு அதற்குள் மறந்துவிட்டதா? கூடத்தில் மெஷின் பலகைமேல் ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிட்டு மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்துவோம். அதில் தனியாக எதைச் சொல்ல முடியும்.

போன மாதம் நீ கூப்பிட்டு, லீவுக்கு ஒரு தீவுக்குப் போகிறேன், கைட்சர்ஃபிங் செய்யப் போகிறேன் என்று சொன்னாய். அம்மா அது ஏதோ படிப்பு என்று நினைத்து, "எத்தனை வருஷம்டா?" என்று கேட்டாள். பிறகு நீ விளக்கினாய். வீட்டு அகலத்துக்கு ஒரு பட்டத்தைக் காற்றில் ஏற்றி, அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காலுக்கடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு, அது இழுக்கிற இழுப்பில் கடல்மேல் வழுக்கிக்கொண்டு போவதாம். மொட்டைமாடியில் கொடியிலிருந்த போர்வை பறந்து வந்து முகத்தில் விழுந்ததற்கே பேய் பேய் என்று அலறிக்கொண்டு படியில் உருண்டவன் நீ, இப்போது உனக்குக் காற்றோடு ஒரு உறவு வேண்டியிருக்கிறது. அந்தத் தீவில் எந்த மாதம் காற்று ஒரே சீராக அடிக்கும், எந்தப் பக்கம் பாறை இல்லை, பலகை வாடகைக்குக் கிடைக்குமா, பட்டத்தை விமானத்தில் எந்தப் பெட்டியில் போடுவது என்று அரைமணி நேரம் ஒப்பித்தாய். அம்மாவின் கண் ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தள்ளிப்போயிருக்கிறது, நீ கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன். கடைசியில் அப்பா வாயே திறக்காததைப் பார்த்துவிட்டு உனக்கு என்ன தோன்றியதோ, "அப்பா, நீங்களும் வாங்களேன், ஜாலியா இருக்கும்" என்றாய். அப்பா மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. நம் வீட்டில் யாரும் போனை வைப்பதில்லையே. பெரியவர் இருக்கும்போது நான் எப்படி வைப்பது என்று நீ வைக்க மாட்டாய், பிள்ளை லைனில் இருக்கும்போது நான் எப்படி வைப்பது என்று அப்பா வைக்க மாட்டார், வெச்சிடட்டுமா வெச்சிடட்டுமா என்று இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு ஆளாளுக்கு எழுந்து போய்விடுவீர்கள், கடைசியில் நான்தான் வந்து அணைப்பேன். அன்றும் அப்பா முகம் கழுவப் போனார், அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் கை வைக்கப் போகும்போது உன் குரல் கேட்டது. "சும்மா ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டேன்டா. அவரு எங்கடா வரப்போறாரு, லாரியத் தவிர எதையும் பாத்ததில்ல." உன்னோடு இருந்தவன் சிரித்துக்கொண்டே, வந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டான். "வந்தா கரையில உக்கார வெச்சு நம்ம செருப்பப் பாத்துக்கச் சொல்லலாம்" என்றாய். நான் அணைத்துவிட்டேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, "என்னம்மா, வெச்சுட்டானா?" என்றார். வெச்சுட்டான்பா என்றேன். வேறு என்ன சொல்வது, நீயே சொல்.

அன்று முதல் இந்த வீட்டில் நடக்கிற கூத்தைக் கேள். அப்பா நகர நீச்சல்குளத்தில் சேர்ந்திருக்கிறார். ஆரம்ப வகுப்பில் அவரைத் தவிர எல்லோரும் பால்பல் விழாத பிள்ளைகள். இரண்டு கையிலும் காற்றடைத்த ஆரஞ்சு வளையம் மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்துக் காலை அடிக்கிறார், ஒரு வாண்டு "தாத்தா, மூக்கப் புடிச்சுக்கங்க" என்று சொல்லித்தருகிறது. என் வகுப்புத் தோழி ஒருத்தி தம்பியைக் கூட்டிவரப் போன இடத்தில் பார்த்துவிட்டு வந்து பள்ளி முழுக்கச் சொல்லியாயிற்று. அப்பா லாரி ஷெட்டில் போய்ப் பெருமை அடித்திருக்கிறார், அங்கே இருக்கிற டிரைவர் மாமா, அதுதான் நாம் ஹாரன் மாமா என்று கூப்பிடுவோமே, அவர் நம் வாசலில் நின்றுகொண்டு, "என்ன மாஸ்டர், பறக்குறதுக்கு லைசென்ஸ் எடுத்தாச்சா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிக்கிறார். அப்பாவுக்கு அதுவும் பெருமைதான். "பையன் கூப்பிட்டிருக்கான், போகாம இருந்தா அவன் மனசு என்ன ஆகும்" என்கிறார். உன் மனசு. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

இதோடு நின்றிருந்தால் நான் கடிதம் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அங்கே போய் உனக்குப் பாரமாக இருக்கக் கூடாதாம், ஆகவே இங்கேயே பழகிக்கொள்ள வேண்டுமாம், கூடாரத் துணியில் தானே ஒரு பட்டம் தைத்துவிட்டார். நீ அனுப்பின வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மஞ்சளும் சாம்பலுமாக, கூடத்தில் விரித்தால் நாம் நடக்க வழியில்லாத அளவுக்கு. அவருக்குத் தெரிந்தது லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற வேலை, பட்டத்தையும் அப்படியே தைத்திருக்கிறார், இரட்டைத் தையல், ஓரமெல்லாம் பித்தளை வளையம், இடுப்புப் பட்டையோடு சேர்கிற இடத்தில் லாரிக்காரர்கள் சரக்குக்குப் போடுகிற கட்டு. அந்த வீடியோவில் ஒரு சிவப்புப் பிடி இருக்கிறதே, ஆபத்து என்றால் இழுத்தால் பட்டம் கழன்று போய்விடும் என்று சொல்கிறார்களே, அதை நான் காட்டினேன். "இழுத்தா கழண்டுக்கும்னா அது என்ன கட்டு? நான் போட்ட கட்டு வழியில அவுந்துச்சுன்னு ஒரு டிரைவர் சொல்லட்டும் பாப்போம்" என்று என்னையே மடக்கினார். கழன்றுவிடாமல் தைப்பதுதான் அவருக்கு மரியாதை. எப்போது விட வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர ஆள் இல்லை, சொல்லித்தர வேண்டியவன் செருப்புக்குக் காவல் வைக்கப் பார்க்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வெளியே போனதும் மொட்டைமாடிக்கு ஏறினோம். இடுப்புப் பட்டையின் பின்னால் ஒரு கயிறு கட்டி என் கையில் கொடுத்து, "நீ புடிச்சுக்கோ, போதும்" என்றார். முதலில் பட்டம் துவண்டு துவண்டு விழுந்தது. நான் நிம்மதியாக இருந்தேன், கேலிகூடச் செய்தேன். பிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது அண்ணா, பட்டம் படீரென்று விரிந்தது, அப்பா ஓடினார், ஓடவில்லை, இழுத்துக்கொண்டு போனது, கயிறு என் கையை அறுத்துக்கொண்டு ஓடியது, நான் குப்புற விழுந்து தரையோடு தரையாகப் பின்னாலேயே போனேன். கைப்பிடிச் சுவரில் அவர் நெஞ்சு மோதியது. கால் இரண்டும் தரையை விட்டுவிட்டன. அவிழ்த்துவிடுங்கப்பா என்று கத்தினேன், அவிழ்க்கத்தான் முடியாதே. எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவில் பட்டத்தின் ஓரம் மாட்டிச் சுருங்கியதால்தான் இன்று உனக்கு அப்பா இருக்கிறார். சுவரிலிருந்து இறங்கி உட்கார்ந்தார், முழங்கையில் ரத்தம், முகமெல்லாம் சிரிப்பு. "என்ன இழுவை பாத்தியா! அவன் பாத்திருக்கணும்" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் இவர் மறுபடி ஏறுவார் என்று எனக்குத் தெரிந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டதாக அம்மாவிடம் அவர் சொன்னார், நான் விளையாட்டு வகுப்பில் கயிறு இழுத்ததாகச் சொன்னேன்.

இடுப்புப் பட்டையை எடுத்து என் பள்ளிப் பையில் அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். தினமும் அதைச் சுமந்துகொண்டுதான் பள்ளிக்குப் போய்வருகிறேன். அவர் ஷெட்டில் தேடினார், கட்டிலுக்கடியில் தேடினார், ஹாரன் மாமா வேண்டுமென்றே ஒளித்துவிட்டார் என்று அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். என்னிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் என் முகத்தில் தெரிந்துவிடும். இன்று சாயங்காலம் புதிதாக ஒரு பட்டை தைக்க ஆரம்பித்துவிட்டார், முன்னதைவிட அகலமாக, பாதி முடிந்து இதோ ஊசிக்கடியில் இருக்கிறது, அதன்மேல்தான் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். அதை அறுத்துவிடலாம் என்று கத்தரிக்கோலைக்கூட எடுத்தேன். அறுத்தால் மறுபடி தைப்பார். வேறு எதுவும் அவரை நிறுத்தாது, நீ ஒருத்தன்தான்.

நீ பெரிய அறிவாளி, வீரன், அலைமேல் நிற்கப் போகிறவன். அங்கே நிற்பதற்கு முன் அப்பாவுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நில். கூட்டிக்கொண்டு போவதென்றால் நிஜமாகக் கூட்டிக்கொண்டு போ, அவருக்கும் ஒரு பலகை, அவருக்கும் ஒரு சிவப்புப் பிடி, பக்கத்தில் நின்று அதை இழுக்கப் பழக்கு. முடியாதென்றால் முடியாது என்று நீயே சொல். ஆபீஸில் வேலை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று கதை விடாதே, அப்புறம் அடுத்த வருஷத்துக்கு என்று இன்னும் பெரிதாக ஒரு பட்டம் தைப்பார். செருப்பு விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன், உன்னைக் காப்பாற்ற அல்ல.

மற்றபடி வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலை காயாமல் வெளியே போகாதே. இதெல்லாம் அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வது, கை தானாக எழுதிவிடுகிறது. உன்னை ஆசீர்வதிக்கிற வயது எனக்கு இல்லை, மனசும் இல்லை. எங்கிருந்தாலும் என் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று அவர் வழக்கமாகச் சொல்கிற வரியை அவர் பெயரில் இங்கே எழுதுகிறேன், கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். கடிதம் கிடைத்த அன்றே கூப்பிடு. ஸ்பீக்கரில்தான் இருக்கும், பயப்படாமல் பேசு. பேசி முடித்ததும் போனை நீயே வை.

இப்படிக்கு,
அப்பா சொல்லாமல் எழுதிய
உன் தங்கை