சரியண்ணனின் வலது கால்

ஜூன் 3, செவ்வாய்

இன்று பெஞ்சில் பதினெட்டுப் பேர். பிசியோ ஒருத்திதான், இன்னொருத்தி லீவு. பிடித்து நடந்து பழகும் நடைக்கம்பிக்கு நின்ற வரிசை வாசல்வரை போனது. பதினொன்றுக்குப் போன கரண்ட் இரண்டுக்குத்தான் வந்தது.

கோர்ட்டில் முப்பது வருஷம் டைப் அடித்து ஓய்வு பெற்றவள், இந்த மறுவாழ்வு மையத்துக்குச் சம்பளம் இல்லாமல் வருகிறேன் என்றால் "புண்ணியம்க்கா" என்கிறார்கள். புண்ணியமாவது ஒன்றாவது. நாள் முழுக்க நான் வீட்டில் இருந்தால் தம்பி மனைவிக்கு மூச்சு முட்டுகிறது. எனக்கும்தான்.

என் பொறுப்பில் புதிதாக ஒருவர். லாரி டிரைவர், நாற்பத்தாறு வயது. பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மிச்சம் ஒரே ஒரு சொல்: "சரி". பேர் என்ன? சரி. எத்தனை பிள்ளைங்க? சரி. மதியத்துக்குள் எல்லோரும் 'சரியண்ணன்' என்று பேர் வைத்தாயிற்று. அவரும் வாயின் இடது பக்கத்தால் சிரிக்கிறார்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் வாரத்தில் ஒருநாள்தான் வருவாள். கிளம்பும்போது சொன்னாள்: "அவர் சொல்றது பதில் இல்லக்கா. வாயில வர்ற ஒரே சத்தம் அதுதான். முகத்தப் பாருங்க, கையப் பாருங்க."

தலையாட்டினேன்.

ஜூன் 6, வெள்ளி

பட அட்டைகள். செருப்பு, தண்ணீர், பூட்டு, சீப்பு. "தண்ணி எது?" என்றால் இடது கையால் தொட்டுக் காட்டுகிறார். பத்துக்கு எட்டு சரி. ஆள் உள்ளே முழுசாக இருக்கிறார், கதவுதான் திறக்கவில்லை.

அவர் மனைவி ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். காலையில் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு ஓடுகிறாள், நாலு மணிக்கு ஓடி வருகிறாள். நின்று பேசி நான் பார்த்ததில்லை.

ஜூன் 12, வியாழன்

நடந்துவிட்டார்!

நன்கொடை மூட்டையில் ஒரு கால்தாங்கி வந்திருந்தது. பிளாஸ்டிக் கூடு மாதிரி, குதிகாலையும் கணுக்காலையும் பிடித்து நிறுத்தும், மூன்று பட்டை. "கொஞ்சம் சின்னதுதான். இத விட்டா வேற இல்ல. இறுக்கிக் கட்டினா நிப்பாரு," என்றாள் பிசியோ. காலையில் கட்டுவதும் சாயங்காலம் அவிழ்ப்பதும் இனி என் வேலை.

கம்பிக்குள் ஆறடி நடந்தார். பெஞ்சில் இருந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். மனைவி தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் நின்று முகம் கழுவினாள். வெகு நேரம் கழுவினாள்.

ஜூன் 15, ஞாயிறு

சாப்பிடும்போது சரியண்ணன் கதையைச் சொன்னேன். தம்பி சொன்னான்: "இதுக்குப் போயி வைத்தியமாக்கா? கல்யாணமாகி இருபது வருஷமா நானும் அந்த ஒரு வார்த்தைதான் பேசிட்டிருக்கேன்." தம்பி மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்கு அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம்.

ஜூன் 19, வியாழன்

எரிச்சலான நாள். டிரைவர் பட்டையைக் கட்டவிடவில்லை. கட்டக் கட்டத் தட்டிவிடுகிறார்.

"இறுக்கமா இருக்கா?" சரி. "வலிக்குதா?" சரி. "கழட்டிரவா?" சரி. "அப்ப நடக்கலாமா?" சரி.

என்னதான் செய்வது? பின்னால் ஆறு பேர் காத்திருக்கிறார்கள். "அடம் பிடிப்பாரு, விட்டுராதீங்க," என்று பிசியோ அங்கிருந்தே கத்தினாள். அவருடைய இடது கையை என் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் கட்டி முடித்தேன். நடந்தார். வெறும் முரண்டு.

ஜூன் 24, செவ்வாய்

பேச்சுப் பயிற்சிப் பெண் வரவில்லை, பஸ் ஓடவில்லையாம். டிரைவர் சிரிப்பதில்லை. அட்டைகளைத் தொடுவதும் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

மூன்று நாளாக டிரைவர் வரவில்லை. காய்ச்சலாம்.

ஜூன் 30, திங்கள்

வந்தார். ஆட்டோவில் இருந்து இறக்கும்போதே வாடை. மற்றவர்கள் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். காலுறையைக் கழற்றினேன். பாதி வந்தது, மீதி ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து எடுத்தோம்.

குதிகால் கறுப்பு. நடுவில் குழி. கறுப்பு கணுக்கால்வரை ஏறியிருந்தது. அவருக்குச் சர்க்கரை இருப்பது பெயர் பதிந்த அட்டையிலேயே எழுதியிருக்கிறது — முதல் நாளிலிருந்து. பிசியோ என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

கை கழுவிக்கொண்டே இருக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

பின்னால் புரட்டிப் பார்த்தேன். ஜூன் 19. 'வெறும் முரண்டு' — என் கையெழுத்துதான், வேறு யார் எழுதியது?

தட்டித் தட்டிச் சொன்னார் மனுஷன். இருந்த ஒரு கையால் சொன்னார். அந்தக் கையையும் பிடிச்சு வச்சுக்கிட்டேனே நான்.

கோர்ட்டில் சாட்சி தலையாட்டினால் 'ஆம்' என்று அடிக்கமாட்டேன். நீதிபதி கேட்டு, வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் அடிப்பேன். அவ்வளவு கறாரான ஆள். இங்கே வாயிலிருந்து வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு நாள். ஒருநாளாவது காலுறையைக் கழற்றிப் பார்த்தேனா? மேலேயே கட்டினேன், மேலேயே அவிழ்த்தேன்.

ஜூலை 3, வியாழன்

ஆஸ்பத்திரி. வராந்தாவிலும் ஆட்கள் படுத்திருக்கிறார்கள், டிரைவருக்கு ஜன்னலோரம் பாதிக் கட்டில். சர்ஜன் சின்ன வயது, கண் சிவந்திருந்தது. டிரைவரிடம் குனிந்து கேட்டார்: "விஷம் ஏறிட்டிருக்கு. முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். சம்மதமா?"

"சரி."

சர்ஜன் பேனாவைத் திறந்தார். நான் குறுக்கே போனேன். "டாக்டர், அது பதில் இல்ல. அவருக்கு வேற வார்த்தை வராது. முகத்தப் பாருங்க."

பார்த்தார். டிரைவரின் தலை மெதுவாக இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் தனியாக "சரி, சரி, சரி".

சர்ஜன் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அப்ப என்னம்மா பண்ணலாம்? விட்டா நாலஞ்சு நாள். நீங்களே சொல்லுங்க."

ஒரு தாளில் இரண்டு படம் போட்டேன். ஒரு கால் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆள். முகம்வரை போர்த்திப் படுக்க வைத்திருக்கும் ஆள். எனக்கு வரையத் தெரியாது, ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. வெகு நேரம் பார்த்தார். இரண்டையும் தொடவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இடது கையை நீட்டித் தன் வலது தொடைமேல் வைத்துக்கொண்டார்.

மனைவி கைநாட்டு வைத்தாள். சாட்சி என்ற இடத்தில் நான். கையெழுத்து கொஞ்சம்கூட நடுங்கவில்லை. முப்பது வருஷப் பழக்கம், சனியன்.

ஜூலை 4, வெள்ளி

எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 9, புதன்

சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக் குழாயடியில் அவர் மனைவி துணி அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "காலு போனதுக்கு நான்தாம்மா காரணம்," என்றேன். பட்டை, காலுறை, அவர் கையைப் பிடித்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். திட்டுவாள், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

அவள் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"செவந்திருந்துச்சு. நீங்க கட்ட ஆரம்பிச்ச ரெண்டாம் நாளே பார்த்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? காசு வாங்காம செய்றீங்க. குத்தம் சொல்லி, நாளையிலேருந்து கூட்டிட்டு வராதேன்னுட்டீங்கன்னா? நான் வேலைக்குப் போற நேரத்துல அவர எங்க விடுவேன்?"

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். குழாயை மூடாமல் போனாள். நான்தான் மூடினேன்.

ஜூலை 10, வியாழன்

நடந்ததை ஒரு பக்கம் டைப் அடித்து மையத்துப் பொறுப்பாளர் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். "உங்க மனசு புரியுது. ஆனா இது வெளியில போனா கொடுக்கிறவங்க கொடுக்கறத நிறுத்திருவாங்க. இந்த எடத்த விட்டா நாப்பது பேருக்குப் போக்கிடம் இல்ல." தாளை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"அப்ப நாளைலேருந்து எல்லார் காலையும் கழட்டிப் பார்க்க எனக்கு அனுமதி குடுங்க," என்றேன்.

"நேரம் ஏது?"

"ஒரு மணி நேரம் முன்னாடி வரேன்."

டிராயர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அனுமதியை நானே எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 16, புதன்

டிரைவரைப் பார்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் மனைவி என்னை வராந்தாவுக்குக் கூட்டிவந்து சொன்னாள்: "உங்களப் பார்த்தாதான்க்கா இப்படி. இனிமே வராதீங்க." கோபமாகச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஜூலை 28, திங்கள்

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். இன்று அவரை ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று ஆட்டோக்காரர் சொன்னதும் கால் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன்.

கூட ஓட்டிய டிரைவர்கள் மூன்று பேர் லாரி கொண்டுவந்திருந்தார்கள். மனைவியின் அக்கா வீட்டுக்குப் போகிறார்களாம். அங்கே செயற்கைக்கால் கிடைக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. "மாப்ள, ஏறுடா," என்று குழந்தையைத் தூக்குவதுபோல் கேபினுக்குள் ஏற்றினார்கள். மனைவி இரண்டு பையோடு பின்னால் ஏறிக்கொண்டாள். அவர் முன்கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றது தெரியுமா, தெரியாதா — தெரியவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

"இன்னும் எதுக்கு அங்க போற? போதும்க்கா," என்றான் தம்பி. எதற்குப் போகிறேன்?

ஆகஸ்ட் 18, திங்கள்

ஏழு மணிக்கே போய்விட்டேன். இருபத்திரண்டு பேர்.

காலுறை, கட்டு, தாங்கி எல்லாவற்றையும் அவிழ்த்து, வெளிச்சத்தில் வைத்து, விரலிடுக்குவரை பார்க்கிறேன். பாதிப் பேர் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். "பெரியவங்க நீங்க, என் காலத் தொடறதா?" என்கிறார்கள். "குடுங்க," என்று மட்டும் சொல்கிறேன்.

சாரத்தில் இருந்து விழுந்த கொத்தனார் ஒருவர், புதிது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இடது கணுக்காலில், பட்டை படும் இடத்தில், பட்டாணி அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தேன். வெளுக்கவில்லை; உள்ளே புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அவர் மனைவி கதவோரம் நின்றிருந்தாள். "இத எப்பம்மா பார்த்தே?" என்றேன். தரையைப் பார்த்தாள். "வீட்டுக்குப் போன்னு யாரும் சொல்லமாட்டாங்க. நான் பொறுப்பு. சொல்லு."

"முந்தா நேத்து," என்றாள்.

தாங்கியை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தேன். பலகையில் கொத்தனார் பெயருக்கு நேரே 'ஒரு வாரம் நடை இல்லை' என்று எழுதினேன். பிசியோ கத்தினாள். கத்தட்டும். அடுத்தவர் வந்து உட்கார்ந்தார், குனிந்தேன்.