வலப்பக்கம் ஊர், இடப்பக்கம் ஆறு

1956 ஜனவரி 10, செவ்வாய்

காலையில் தேயிலை மேல் உறைபனி. பிள்ளைகளில் பாதிப்பேர் பள்ளிக்கு வரவில்லை. வந்தவர்களுக்கும் கை விறைத்து சிலேட்டுக் குச்சி பிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டத்தில் நான் சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. கதையில் ஒரு பொருள் ஒரு முறை வந்தால் அது வெறும் பொருள். இரண்டாம் முறை வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறையும் வந்தால் எழுதியவர் அதைக் கொண்டு ஏதோ சொல்கிறார். எஸ்டேட் கிளார்க்குகளும் மனைவிமாருமாக ஒன்பது பேர் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கடைசி பெஞ்சில், வாய் திறக்காமல்.

மூணாறு ஆபீசில் அவருக்குப் பெரிய கிளார்க் வேலை தருகிறார்கள். இரண்டாவது தடவையாக வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். "இங்கயே இருந்துக்கிடலாம் இன்பம்" என்கிறார். இந்த மலைமூலையில் அப்படி என்ன இருக்கிறது அவருக்கு?

இரண்டாம் முறை. குறித்துக்கொள்கிறேன்.

ஜனவரி 15, ஞாயிறு

நேற்றுப் பொங்கலுக்குக் கம்பெனி சினிமா. காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டி, தண்ணீர் ஊற்றி நனைத்தார்கள். முன்னால் எஸ்டேட் மேனேஜர் துரைக்கும் எங்களுக்கும் நாற்காலி. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலி ஜனங்கள் துணிக்குப் பின்பக்கம், தரையில். நனைந்த துணியில் அவர்களுக்கும் படம் தெரியும்.

வீண் சந்தேகத்தில் புருஷன் வீட்டார் விரட்டிவிட்ட ஒரு பெண்ணின் கதை. ஆரம்பத்தில் அவள் கல்யாணமாகி வரும்போது வண்டிக்காரன் மாட்டைப் பார்த்தபடியே சொல்கிறான்: வலப்பக்கம் போனால் ஊர், இடப்பக்கம் போனால் ஆறு. கடைசியில் அதே பிரிவில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தனியாக நிற்கிறாள். ஒரு வசனம் கிடையாது. வலப்பக்கம் திரும்பி நடக்கிறாள். பிறகு வெறும் சாலை. விரட்டிய ஊருக்கே, தலை குனியாமல்! வண்டிக்காரன் போகிறபோக்கில் சொன்ன பேச்சுதான் முடிவையே தாங்கி நிற்கிறது. அடுத்த கூட்டத்துக்கு இதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

அவர் மெஷின் பக்கத்தில் நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ரீல் மாற்றும்போது திரும்பிப் பார்த்தேன். இல்லை. போன வருஷத்துப் படத்துக்கும் இப்படித்தான்.

ஜனவரி 22, ஞாயிறு

கூட்டத்தில் முடிவைப் பற்றி நான் பேசி முடிக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து அவர் குரல். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அவர் நாலு பேர் முன்னால் பேசியது இதுதான் முதல் தடவை.

"ஊருக்குப் போறான்னு எப்படிச் சொல்லுத? அவ இடப்பக்கம்லா திரும்புதா. ஆத்துப் பக்கம். செத்துப் போறா, இன்பம்."

சின்ன கிளார்க் பவுல்ராஜ் சிரித்துவிட்டார். "ஏன் சார், பொங்கச்சோறு கண்ண மறைச்சிட்டோ? இத்தன பேரும் பாத்தோம், வலப்பக்கம்தான்."

"என் கண்ணால பாத்தேன்யா—" என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். முகம் மாறிப்போயிற்று. "தூங்கியிருப்பேன் போல" என்று உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்துப் போறா என்றபோது அவர் தொண்டை அடைத்தது. தூங்கியவனுக்குத் தொண்டை அடைக்குமா?

ஜனவரி 23

சமையலறைக் காலண்டரில் மாதா இடது கையில் குழந்தையை வைத்திருக்கிறார். தாளைக் கிழித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கமிருந்து பார்த்தேன். குழந்தை வலது கைக்கு வந்துவிட்டது.

அவர் துணிக்குப் பின்னால் இருந்திருக்கிறார். யாரோடு?

ஜனவரி 27, வெள்ளி

பால் கொண்டுவரும் சின்னத்தாயியைப் பின்வாசலில் நிறுத்திப் பேச்சுக் கொடுத்தேன். படம் எப்படி இருந்தது?

"அத ஏன் கேக்கிய டீச்சரம்மா. அந்தப் புள்ள ஆத்துக்குப் போகவும் லயமே அழுதுச்சு. சாரு கூடக் கண்ணத் தொடச்சாக."

"எந்த சார்?"

பால் செம்பைக் கீழே வைத்தாள். "முத்துப்பேச்சி பக்கத்துலதான எப்பவும்... டீச்சரம்மாவுக்குத் தெரியாதா?" அப்புறம் பயந்துவிட்டாள். "நான் சொன்னேன்னு சொல்லிராதீக."

முத்துப்பேச்சி. கொழுந்து பறிக்கிறவள். தாலியறுத்தவள். என்னைவிட இரண்டு வயது இளையவளாக இருப்பாள். பல்வரிசை அழகு.

பிப்ரவரி 1, புதன்

அவருடைய பழைய சாம்பல் கம்பளி மழைக்காலத்திலிருந்து காணவில்லை. இன்று அது முத்துப்பேச்சி தோளில். கிறிஸ்துமஸுக்குச் சுட்ட அச்சு முறுக்கில் பாதி டின் எங்கே போயிற்று என்று அப்போதே யோசித்தேன். மூணாறு வேலை. கம்பளி. முறுக்கு. இதற்குமேலும் என்ன வேண்டும்? வகுப்பில் ஒரு பிள்ளை இத்தனை சான்று காட்டினால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

சாயங்காலம் கங்காணி குருசாமியிடம் சொன்னேன்: முத்துப்பேச்சி நடத்தை சரியில்லை, மேல் டிவிசனுக்கு அனுப்பிவிடுங்கள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

பிப்ரவரி 3

எழுதப் பிடிக்கவில்லை. அவர் சாப்பிடுகிறார், ஜெபிக்கிறார், தூங்குகிறார். எப்படி முடிகிறது?

பிப்ரவரி 9, வியாழன்

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். செருப்பைக் கழற்றவில்லை.

"முத்துப்பேச்சிய மேல் டிவிசனுக்கு மாத்திட்டாங்க. தேதி பதிமூணு. நீ சொன்னதா குருசாமி சொல்லுதான்."

"ஆமா, நாந்தான். உங்களுக்கு ஏன் வலிக்குது?"

"வலிக்கும்." நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அவ எங்கூடப் பொறந்தவ."

அவர் அநாதை என்றுதான் எனக்குத் தெரியும். மிஷன் சாமியார்கள் வளர்த்தது, மரியஜோசப் என்று பேர் வைத்தது, எல்லாம் உண்மை. சொல்லாமல் விட்டது இது: காலராவில் பெற்றவர்கள் போனபோது பையனை மிஷனில் எடுத்துக்கொண்டார்கள். பெண்ணைக் கங்காணி ஒருவன் மலைக்குக் கூட்டி வந்துவிட்டான். அப்போது அவளுக்கு எட்டு வயது. வளர்ந்த பிறகு இவர் பத்து எஸ்டேட் தேடி இங்கே கண்டுபிடித்திருக்கிறார். கிளார்க் வேலைக்குச் சேரும்போது லயத்தில் சொந்தம் யாரும் இல்லையென்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டார். 'எனக்காக வேலைய விட்றாத அண்ணே'—அவளே சொன்னாளாம். லயத்தில் எல்லோருக்கும் தெரியும். இத்தனை வருஷம் ஒருவர் வாய் திறக்கவில்லை.

"படம் போடுதப்போ மட்டுந்தான் அவ பக்கத்துல உக்கார முடியும். அந்தப் பக்கம் இருட்டா இருக்கும்லா" என்றார்.

எங்கிட்ட ஏன் சொல்லல? எங்கிட்டயுமா? கேட்டேன். "நீ கிளார்க்கைக் கட்டிக்கிட்டவ, இன்பம். லயத்துக்காரி அண்ணன இல்ல" என்றார்.  

கதை சொல்கிறவர் எங்கே நின்று சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்—கூட்டத்தில் இதைத்தானே முதல் நாள் சொல்லிக் கொடுத்தேன்? எங்கே நிற்கிறாய் நீ என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 11, சனி

குருசாமியிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று முதலில் அவரிடம் கேட்டேன்.  "சொல்லிரு" என்றார்.

குருசாமி வீட்டுக்குப் போனேன். முத்துப்பேச்சியைப் பற்றி நான் சொன்னது பொய் என்றேன். "இதென்ன டீச்சரம்மா, அன்னைக்கு ஒண்ணு இன்னைக்கு ஒண்ணு? துரைகிட்ட நான் என்ன காரணம் சொல்ல?"

"அவ என் நாத்தனார்னு சொல்லுங்க."

வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார். "சாருக்கு வேல போயிருமேம்மா."

தெரியும் என்றேன். 

பிப்ரவரி 13

மாற்றல் நின்றுவிட்டது. துரையிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 19, ஞாயிறு

சினிமா வண்டி மேல் டிவிசன்களுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் நேற்று அதே படத்தை இன்னொரு முறை போட்டார்கள். துரை வந்து உட்கார்ந்ததும் நான் எழுந்தேன். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"எங்கக்கா போறீங்க? உங்க நாற்காலி இதுதானே" என்றாள் பவுல்ராஜ் மனைவி.

"என் நாத்தனார் அந்தப் பக்கம் இருக்கா."

துணியைச் சுற்றிக்கொண்டு போவது இருபது அடி இருக்கும். அத்தனை பேரும் பார்த்தார்கள். முத்துப்பேச்சி எழுந்து நிற்கப் பார்த்தாள். கையைப் பிடித்து உட்கார்த்தினேன். உள்ளங்கை கரடுமுரடாக, கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருந்தது.  மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. கம்பளியில் பாதியை என் மேல் போர்த்திவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்தார். வெளிச்சத்திலேயே.

எழுத்துகள் எல்லாம் திரும்பியிருந்தன, படிக்க முடியவில்லை. கடைசியில் அந்தப் பெண் பிரிவில் நின்றாள். இடப்பக்கம் திரும்பினாள். எனக்குத் தெரிந்த முடிவுதான், ஆனாலும் முத்துப்பேச்சியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்தியளா மதினி, போய்ச் சேந்துட்டா" என்று மூக்கை உறிஞ்சினாள் முத்துப்பேச்சி.

"முன்பக்கமிருந்து பாத்தா ஊருக்குப் போறா."

"நெசமாவா?"

"நெசமா. சாகல."

அண்ணன் பக்கம் திரும்பினாள். "படிச்சவன்தான நீ? அன்னைக்கு என்கூடச் சேந்து அழுதியே, ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"எனக்கே கூட்டத்துல சிரிச்சப்புறம்தான் தெரியும்" என்றார் அவர்.

நாளைக் காலை பத்து மணிக்குத் துரை அவரை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார். கோட்டுக்கு இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறேன். முத்துப்பேச்சி வேலை முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாள். முன்வாசலைத் திறந்து வைத்து, பின்வாசலைப் பூட்டி வைக்க வேண்டும். லயத்து ஆட்களின் பழக்கத்தில் அந்தப் பக்கமாக வந்துவிடுவாள்.