கிராங்க் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை

ஏப்ரல் 24, 1951. செவ்வாய்

வரலாற்றுத் தேர்வு சுமாராக எழுதினேன். அதை எழுத இந்த நோட்டை எடுக்கவில்லை.

அம்மா ஆரஞ்சுப் பழங்களைப் பெட்டியில் கட்டும் கூடத்து வேலையிலிருந்து வருவதற்குள் ஷெட்டைப் பெருக்கிவிடலாம் என்று போனேன். அண்ணன் ஹார்லன் கேட்காமலே பெருக்கினால் இன்னும் கொஞ்ச நாள் என்னை உள்ளே விடுவான் என்ற நினைப்பு. மூலையில் புது கிராங்க், இஞ்சினுக்குள் சுழலும் அந்தக் கனத்த இரும்புத் தண்டு, நின்றுகொண்டிருந்தது. புதிது என்றால் எங்களுக்குப் புதிது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில், ஒரு மெர்குரி காரிலிருந்து எடுத்தது. எங்கள் முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டுக்கு அதைப் போட்டால் இஞ்சினுக்கு வலு கூடும் என்று குளிர்காலம் முழுக்கத் தேடி வாங்கினான். படுக்க வைத்தால் தன் கனத்திலேயே வளைந்துவிடும் என்று எப்போதும் நிமிர்த்தித்தான் வைப்பான்.

அடியில் பெருக்குவதற்காகக் கொஞ்சம் நகர்த்தினேன். கொஞ்சம்தான்.

சிமெண்ட் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் பல்லில் இருக்கிறது. எப்படித் தூக்கி நிறுத்தினேன் என்று தெரியவில்லை; என் எடையில் பாதிக்கு மேல் இருக்கும். துடைத்துப் பார்த்தேன். தண்டின் முன்பக்கத்து எடைக்கட்டியின் ஓரத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

ஹார்லன் வந்து பார்த்துவிட்டு, "என்ன இது, ஷெட்டு பளபளன்னு இருக்கு? என்ன வேணும் உனக்கு?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 25

சொல்லவில்லை.

ஏப்ரல் 28, சனி

இன்று அதை இஞ்சினுக்குள் இறக்கினார்கள். ஹார்லனும், அவனுடைய கார்ப் பந்தயக் கிளப் நண்பன் வெண்டெலும். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். பெண் தொட்ட இஞ்சின் ஓடாது என்றான் வெண்டெல். அப்படியானால் உன் அம்மா உன் வண்டியைத் தினமும் தொடுகிறாள் போலிருக்கிறது என்றான் ஹார்லன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒவ்வொரு நட்டாக இறுகிக்கொண்டே போனது. இன்னும் மூணு இருக்கு, சொல்லிடு. இன்னும் ரெண்டு. சொல்லேன்டி. முடிந்துவிட்டது.

ஹார்லன் கோபம் வந்தால் கத்தமாட்டான். பேசுவதையே நிறுத்திவிடுவான். போன வருஷம் அம்மாவோடு பதினேழு நாள் பேசவில்லை. அதுதான் பயம். அது மட்டும்தானா?

ஏப்ரல் 29, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்து ஓட்டிப் பார்த்தார்கள். தெருவே கூடிவிட்டது. நன்றாகத்தான் ஓடியது. ஆனால் வேகம் ஏறும்போது ஓரிடத்தில் அடியிலிருந்து ஒரு முனகல், ஒரு நடுக்கம். அதைத் தாண்டினால் இல்லை. புகைக்குழாய் சட்டத்தில் இடிக்கிறது என்று வெண்டெல் சொல்லிவிட்டான். ஹார்லன் ஒத்துக்கொண்டான்.

மே இருபதாம் தேதி எல் மிராஜ் ஏரியில் ஓட்டப் போகிறான். ஏரி என்று பெயர். சொட்டுத் தண்ணீர் கிடையாது, கண்ணுக்கெட்டிய வரை காய்ந்த சேறு. மணிக்கு நூற்று முப்பது மைல் வேண்டுமாம்.

சாப்பிடும்போது கேட்டேன், ஓடும்போது கிராங்க் உடைந்தால் என்ன ஆகும் என்று. வாயில் ரொட்டியோடு சொன்னான்: "பின் சக்கரம் ரெண்டும் பூட்டிக்கும். அப்புறம் எந்தப் பக்கம் போகணும்னு காரே முடிவு பண்ணும்."

அம்மா சாப்பாட்டு மேஜையில் இந்தப் பேச்சு வேண்டாம் என்றாள்.

மே 1

வெறும் கீறல்தான். இரும்பு அவ்வளவு லேசில் உடையுமா? உடையாது. உடைஞ்சா? உடைஞ்சா அவன் செத்துடுவான். நான்தான் காரணம்னு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஐயோ, எனக்குத் தெரியுமே.

மே 3, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காருக்கு அடியில் படுத்திருந்தான். பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது. முகத்திடம் சொல்வதைவிட பூட்ஸிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

"கிராங்கை நான் கீழ போட்டுட்டேன். பெருக்கும்போது. மாட்டறதுக்கு முன்னாடியே."

ஸ்பானர் சத்தம் நின்றது.

"எப்ப?"

"போன வாரம் செவ்வாய்க்கிழமை."

"எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

சொன்னேன். வெளியே வந்தான். துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். பத்து விரலையும். பிறகு என்னைப் பார்க்காமலே, "வீட்டுக்குள்ள போ" என்றான்.

போனேன். அவன் இரண்டு நாள் பேசாவிட்டாலும் இருபது நாள் பேசாவிட்டாலும் பரவாயில்லை, கழற்றிப் பார்த்தால் போதும் என்று இப்போது எழுதுகிறேன்.

மே 5, சனி

கழற்றிவிட்டார்கள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்ட கிராங்கைத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புக்கட்டித் தூளை ஸ்பிரிட்டில் கரைத்து மேலே பூசினான். வெள்ளையாகக் காய்ந்ததும் சுத்தியலால் லேசாகத் தட்டினான். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளையில் கறுப்புக் கோடாகத் தெரியும்.

கோடு அங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. வெண்டெலின் முகம் தெரிந்தது. அது போதும்.

பெண் தொட்டால் இப்படித்தான் என்று அவன் எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனான். ஹார்லன் கிராங்கைச் சாக்கில் சுற்றினான். ராத்திரிச் சாப்பாட்டில் "விரிசல் இருக்கு" என்றான், உப்புப் புட்டியிடம். அம்மா என் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கை வைத்தாள்.

மே 6

பேசவில்லை. நாலாவது நாள்.

மே 7, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டதும் பார்த்தால், வாசலில் ஹார்லனின் டிரக். அவன் அங்கே வந்ததே இல்லை. யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஏறு என்று தலையை ஆட்டினான். இருக்கையில் சாக்கில் சுற்றிய கிராங்க், இரண்டு துண்டாக. லேத் பட்டறை வைத்திருக்கும் ஆப்ஃபர் அதை அழுத்தும் இயந்திரத்தில் வைத்து உடைத்துப் பார்த்தாராம்.

"பாரு," என்றான். ஐந்தாம் நாளில் முதல் வார்த்தை.

உடைந்த பக்கத்தில் முக்கால்வாசி, சட்டியின் அடி மாதிரி கறுப்பு. ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டை மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது.

மின்னுவது இன்றைக்கு உடைந்த இடம். கறுப்பு எல்லாம் எண்ணெய் புகுந்து புகுந்து படிந்தது, அதற்கு வருஷக்கணக்காகும் என்றான். பழைய காரில் ஓடும்போதே விரிந்திருக்கிறது. மெர்குரி கிராங்க் கிடைத்த சந்தோஷத்தில் எவனும் சோதித்துப் பார்ப்பதில்லை, கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு மாட்டிவிடுகிறீர்கள் என்று ஆப்ஃபர் திட்டினாராம்.

"அப்ப நான் போட்டது..."

"நீ போட்டதால ஒண்ணும் ஆகல."

டிரக்கைக் கிளப்பினான். நிறுத்தினான்.

"நீ சொல்லலைன்னா நான் இதைத் திறந்தே பாத்திருக்க மாட்டேன், வெர்னா."

கியரை இரண்டு முறை தப்பாகப் போட்டான். பார்க்காத மாதிரி வெளியே பார்த்தேன்.

மே 9, புதன்

என்னையும் கூட்டிக்கொண்டு வண்டி உடைக்கும் இடத்துக்குப் போனான். மூன்று கிராங்குகளைக் கம்பியில் தொங்கவிடச் சொன்னான். என் கையில் சின்னச் சுத்தியலைக் கொடுத்தான்.

"தட்டு. நல்லதா இருந்தா நீளமா ஒலிக்கும். நீ சரின்னு சொன்னாத்தான் உள்ள போகும்."

அங்கே வேலை செய்பவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவன் கேட்டான், "பியானோவுக்குச் சுருதி பார்க்க வந்தியா, பாப்பா?" காது எரிந்தது. முதலாவதைத் தட்டினேன். தகரம் மாதிரி ஒரு சத்தம், உடனே செத்தது. வேண்டாம் என்றேன். அது அருமையான சாமான் என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றேன் மறுபடியும். என் குரலா அது? இரண்டாவதும் வேண்டாம்.

மூன்றாவதைத் தட்டினேன். மணி. தெளிவான, நீளமான மணி. பதினொன்று எண்ணும்வரை ஒலித்தது. பியானோ என்றவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டான்.

வீட்டில் சுண்ணாம்பும் பூசிப் பார்த்தோம். ஒரு கோடு இல்லை.

மே 12, சனி

பேரிங்குகளை நான் வைத்தேன். அவன் விரல் போகாத இடத்தில் என் விரல் போகிறது. எண்ணெய் தடவி கிராங்கை இறக்கினோம். நான் இறுக்கினேன், அவன் ஒவ்வொரு நட்டையும் சரிபார்த்தான். கடைசி நாலை அவன் சரிபார்க்கவில்லை.

வெண்டெல் வந்து இதையெல்லாம் யார் இறுக்கியது என்று கேட்டான். கிராங்கை ஒற்றை விரலால் சுற்றினேன். சத்தமே இல்லாமல், எண்ணெய் மாதிரி சுற்றியது. அவனும் ஒரு விரலை வைத்துச் சுற்றிப் பார்த்தான். "ம்" என்றான்.

மே 16

ஓட விட்டோம். எந்த வேகத்திலும் முனகல் இல்லை. பக்கத்து வீட்டு நாய்தான் முனகியது.

மே 20, ஞாயிறு

தலைமுடி, காது, பல் எல்லாம் மண். கழுவ மனசில்லை.

ஓடுபாதைப் பக்கம் கயிறு கட்டியிருந்தார்கள். பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. அம்மாவும் நானும் இந்தப் பக்கம். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தூரத்தில் புழுதி, பிறகு சத்தம். ஒரே சீராக, ஏறி ஏறி, எங்களைக் கடந்து போயிற்று. அதில் ஒரு பிசிறு இல்லை.

நூற்று முப்பத்து நாலு மைல்! எங்கள் பிரிவில் இதுவரை யாரும் தொடாத வேகம். அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள்.

சாதனை என்றால் சும்மா எழுதித் தரமாட்டார்கள். இஞ்சினின் மூடியைக் கழற்றி, அளந்து பார்த்துவிட்டுத்தான் தாளில் கையெழுத்து. அளக்கும் அதிகாரி டை கட்டிக்கொண்டு வந்தார். வெண்டெல் ஸ்பானரை எடுத்தான். ஹார்லன் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"இதை மாட்டினவ அங்க நிக்கிறா. அவதான் கழட்டணும்."

கயிறு தாண்டிப் பெண்களை விடுவதற்கில்லை, விதி விதிதான் என்றார் அதிகாரி.

"சரி சார். அவ தாண்ட வேண்டாம்."

தோளைக் கொடுத்துக் காரைத் தள்ள ஆரம்பித்தான். வெண்டெலும் மறுபக்கம் தோள் கொடுத்தான். பிறகு கிளப்பில் எல்லோரும். கயிற்றில் இடிக்கிற வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஹார்லன் கயிற்றுக்கு மேலாக ஸ்பானரை நீட்டினான்.

இஞ்சினிலிருந்த தண்ணீரை வடித்துவிட்டு, கயிற்றில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு இருபத்து நாலு நட்டையும் கழற்றினேன். கையுறையைத் தாண்டிச் சுட்டது. சுற்றிலும் நூறு ஆண்கள். மூடியைத் தூக்கினேன். அதிகாரி குனிந்து அளந்தார், இரண்டாம் முறையும் அளந்தார், சரி என்றார்.

தாளை எடுத்தார். ஓட்டியவர் பெயரை எழுதினார். அடுத்த வரி, இஞ்சினைக் கட்டியவர். அங்கே பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பேரு என்னம்மா?"

சொன்னேன். காற்றில் அவருக்குக் கேட்கவில்லை.

இன்னும் சத்தமாகச் சொன்னேன்.