கட்டாத மாலைகள்

1964 ஆகஸ்ட் 30, ஞாயிறு

இன்றும் ஒரு கணக்குக்கூடச் செய்யவில்லை.

மே மாதம் மாத்தளையிலிருந்து ராஜநாயகம் அண்ணனும் மார்ஜரி அக்காவும் இரண்டே பேர், மாதா கோயில் ஞாயிறு பூசை முடிந்து பஸ்ஸில் வந்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் சாக்கு விரித்து லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். எனக்குப் பின்னம் புரிந்ததே அப்போதுதான். இப்போது ஞாயிறுதோறும் அவர்களோடு இருபது பேர் லொறியில் வருகிறார்கள். இருபது பேருக்கும் மாலை. தப்பு மேளம். பிளேன்டீ. அவர்கள் நன்றி சொல்ல, அப்பா பதில் நன்றி சொல்ல, லொறி திரும்பும் நேரம் வந்துவிடும்.

மாலை கட்டுவது நான். தோட்டத் தலைவர் மகளாச்சே.

செப்டம்பர் 2

டிசம்பர் பரீட்சையில் கணக்குத் தேறாவிட்டால் தோட்டத்துச் செக்ரோலில் பேர் பதிந்து தேயிலைக் கொழுந்து எடுக்க அனுப்பிவிடுவாராம் அப்பா. சொன்னால் செய்வார். சமன்பாட்டை யார் எனக்குச் சொல்லித் தருவது?

மாலை வேண்டாமே என்று அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். தேடி வர்றவங்கள சும்மா நிக்க வைக்கிறதா என்று கேட்டாள். அப்பா காதில் விழுந்திருக்குமோ?

புரண்டு படுக்கிறார். லாம்பை அணைக்கிறேன்.

செப்டம்பர் 6

முப்பது பேர். புதிதாக ஒரு பேனர் வேறு.

தப்படிக்கும் மாடசாமி அண்ணனுக்குச் சிரிப்பு. இந்தக் கூட்டம் இன்னும் வளர்ந்தா துரை பங்களாவுலதான் பூப்பறிக்கணும் என்கிறார்.

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் மார்ஜரி அக்காவைப் பிடித்து, எப்ப அக்கா பாடம் என்று கேட்டேன். முகம் வாடிவிட்டது.

"மாலையப் போட்டுக்கிட்டு ரெண்டு வார்த்தை பேசாம இருக்க முடியுமா, கொறற்றித் தங்கச்சி? உங்க அப்பா மனசு நோகாதா?"

அவர்களுக்காக என்று இவர்கள். இவர்களுக்காக என்று அவர்கள். நடுவில் நான் கிடந்து சாகிறேன்.

செப்டம்பர் 12

பூப்பறிக்கவில்லை. மாதாவே, நாளைக்கு நீதான் துணை.

செப்டம்பர் 13

லொறி வந்து நின்றது. அப்பா கையை நீட்டினார். வெறும் கூடையைக் கொடுத்தேன்.

"மாலை எங்கடி?"

"கட்டலப்பா."

"ஏன்?"

தப்பு நின்றுவிட்டது. எல்லாரும் என்னையே பார்த்தாங்க. கடைசியில், "பாடம் படிக்கணும்பா" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ராஜநாயகம் அண்ணனுக்குக் கேட்டிருக்கிறது. கையிலிருந்த பேச்சுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். "அப்ப சாக்க விரிங்க" என்றார்.

செப்டம்பர் 16

அப்பா அடிக்கவில்லை. பேசவும் இல்லை. அடித்திருக்கலாம்.

செப்டம்பர் 20, ஞாயிறு

நான்கு சமன்பாடு செய்தேன். ஒன்று பிழை.

அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. லொறி வருமுன் நான் பெரட்டுக்களத்துக்கு ஓடினேன், விரிப்பதற்கு. சாக்கெல்லாம் ஏற்கெனவே வரிசையாக விரித்துக் கிடந்தது. கடைசிச் சாக்கின் சுருக்கத்தைக் குனிந்து நீவிவிட்டு, என்னைப் பார்க்காமலே போனார் அப்பா.