பேக்கப்புக்கு நீ வைத்த ஆள்

காலையிலிருந்து "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று கத்திக்கொண்டிருந்த போன், மத்தியானம் கத்துவதையும் நிறுத்திவிட்டது. திரையில் கம்பெனி பேர் வரும், அணையும், மறுபடி வரும். அவ்வளவுதான். மந்தைவெளியில் இருக்கிற போன் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரீசெட் போட்டா சரியாயிடும்மா. ஆனா உள்ள கீறதெல்லாம் பூடும்" என்றார், காலி டப்பாவைக் கழுவித் தருகிறவர் மாதிரி.

உள்ளே இருப்பது நீயடி. அவருக்கு அது எப்படித் தெரியும்? நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அந்தப் போனில்தான். தினமும் அதில் ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பையே பற்றவைக்கிறேன். மாதாவே என்று கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் போனைக் கண்டால் நான் எப்படி நடுங்குவேன், நினைவிருக்கிறதா? கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் எதிரெதிர் வீடு நமக்கு. இடியாப்பமும் மீன் குழம்பும் செய்து விற்கலாம் என்று நீதான் கிளப்பிவிட்டாய். சமையலுக்கு நான் பயப்படவில்லை. ஆர்டரெல்லாம் போனில்தான் வரும் என்றதும் எனக்கு வேர்த்துவிட்டது. லிங்க், லொகேஷன், அப்லோட் என்று ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தை வரும்போதும் "நீயே பாத்துக்கோ தாயே" என்று எழுந்து போய்விடுவேன். நீயும் என்னைப் போல எட்டாவதோடு நின்றவள்தான். உனக்கு மட்டும் எங்கிருந்துதான் அவ்வளவு தைரியமோ!

"இன்னாமே, சும்மா நடுங்கினு கீற? இதுங்கல்லாம் யாரு? நம்ம பிளாக்குல கீறவங்கதான்" என்றாய்.

அன்றைக்கு ஆரம்பித்தது நம் விளையாட்டு. தேங்காய் துருவிக்கொண்டே ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ஆள் பிடிப்போம். யார் படியேறினாலும் எட்டிப் பார்த்து ஊருக்கே சொல்லுகிற கீழ்வீட்டு அக்கா, நோட்டிஃபிகேஷன். பாலிசி போடச் சொல்லி விரட்டுகிற மாடிவீட்டு அண்ணன், ஸ்பேம். பாஸ்வேர்டு உன் வீட்டுக்காரர். "அந்தாளு வாய்லேர்ந்து ஒரு வார்த்த வாங்கிடு, பாக்கலாம்" என்பாய். அப்டேட் என் மாமியார். சாந்தோமிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வருவார், வந்ததும் சமையலறையில் எல்லாவற்றையும் இடம் மாற்றி வைப்பார், அப்புறம் ஒரு வாரத்துக்கு எனக்குக் கரண்டி கிடைக்காது. ஒருநாள் நீ ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏய், அப்டேட் வந்துகினு கீது!" என்று கத்த, "அதுக்கு நெட்டு வேணுமேம்மா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் அவர். நீ மாவுப் பாத்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு குலுங்கினாய். அன்றைக்கு நான் பிழிந்த இடியாப்பம் ஒன்றாவது வட்டமாக வந்ததா?

பேக்கப் மட்டும் எனக்கு மண்டையில் ஏறவேயில்லை. "அது யாருடி?" என்றேன்.

"நீதான்."

"நானா?"

"என் வூட்டுச் சாவி இன்னொண்ணு யார்கிட்ட கீது? உன்கிட்ட. நான் எங்கனா தொலச்சிட்டு வந்து நின்னா யாரு கதவத் தொறக்கறது? நீ. அதாம்மே பேக்கப்."

சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாய். எனக்குத்தான் என்னவோ போல இருந்தது. அதுவரை என்னை நம்பி யாரும் எதையும் அப்படிச் சொன்னதில்லை. அந்த சந்தோஷத்தில்தான் குழம்பில் மறுபடியும் உப்பை அள்ளிப் போட்டேன். நீ திட்டினாய்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் பேக்கப் போடுவது நம் வழக்கமானது. "போடு, அப்பறம் காலு நீட்டு" என்பாய். நீ போன பிறகும் நான் அதை விடவில்லை. எதற்கென்று யோசித்ததுகூட இல்லை. கை தானாகப் போட்டுக்கொண்டிருந்தது.

கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது அது சட்டென்று உறைத்தது. எழுந்து, "அண்ணே, ரீசெட் போடுங்க. நான் பேக்கப் எடுத்து வெச்சிருக்கேன்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ரீசெட் முடிந்ததும், "பாஸ்வேர்டு சொல்லும்மா" என்றார். உன் வீட்டுக்காரர் மாதிரி வாயை இறுக்கி மூடிக்கொண்டு, போனை வாங்கி நானே போட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் இறங்கியது. உன் பேரைத் தேடி ஒன்றை அமுக்கினேன். "ஏய், தேங்கா பத்தாது, வர்றப்போ வாங்கினு வா. சின்னதா பாத்து வாங்கினு வராத, கஞ்சப்பிசினாறி!" கடையென்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

"யாரும்மா அது?" என்று மெதுவாகக் கேட்டார் கடைக்காரர்.

"என் பார்ட்னர்" என்றேன்.

சாயங்காலம் உன் பெண் என் வாசலில் வந்து நின்றாள். "அத்தே, சாவியத் தொலச்சிட்டேன்." அச்சு அசல் உன்னைப் போலவே, கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்! ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொடுத்தேன். அவளுடைய பழைய போன் ரயிலில் தொலைந்ததோடு உன் குரலும் அவளிடமிருந்து போய்விட்டது, தெரியுமா? உட்கார வைத்து, தேங்காய் மெசேஜைப் போட்டேன். படியிலேயே உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டாள். சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். "எனக்கு அனுப்பு அத்தே. எல்லாத்தையும் அனுப்பு." அனுப்பினேன். யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல், நானே.

ரொம்ப நன்றிடி. நீ இருக்கும்போது இதைச் சொல்லியிருந்தால் "லூசாடி நீ?" என்றிருப்பாய்.

உன் பெண் கதவைத் திறந்துவிட்டு வந்து சாவியை என் கையில் திருப்பி வைத்தாள். "உனக்கு வேணாமா?" என்று கேட்டேன்.

"நீயே வெச்சிக்கோ அத்தே. நான் மறுபடியும் தொலப்பேன்."

மறுபடி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.