பெயர் எழுதாத தாள்கள்

1984 மார்ச் 6, செவ்வாய். தெல்தோட்டை.

தோட்டத்துக்கு வந்த வெளிநாட்டுப் பேராசிரியருக்கு இன்று நான்தான் மொழிபெயர்த்தேன். நிர்வாகத்தைப் பற்றி உள்ளூர் ஆட்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்கிறாராம். தாளில் பெயர் இல்லை, வரிசை எண் மட்டும்தான் என்றார். ஆனால் பெரிய கிளாக்கர், ஆட்களின் பெயரும் நம்பரும் உள்ள சம்பளப் பதிவேடான செக்ரோலின் வரிசைப்படியே அவர்களை ஆபீசுக்குள் அனுப்பினார். தற்செயலாக இருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன ஆடிக் கலவரத்தில் எங்கள் கண்டி வீட்டையும் ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் தேடி வந்தார்கள்.

"தொரை தப்பா சொன்னா எதுத்துப் பேசுவீங்களா?" என்று கேட்டேன்.

கொழுந்து பறிக்கிற மாரியாயி தாளிலிருந்த எண்ணையே பார்த்தாள். அது அவளுடைய செக்ரோல் நம்பர்.

"தொரை தப்பா சொல்ல மாட்டாருங்க."

பின்னால் வந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். பேராசிரியருக்கு மகிழ்ச்சி. "மேலதிகாரிக்குப் பணிவது இவர்களுடைய மரபு, இல்லையா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்திலேயே தோட்ட மனேஜர் துரையின் அறைக் கதவு திறந்தே இருந்தது.

"ஆமாம் சேர், அது எங்கள் மரபுதான்" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார். பக்கத்தில் என் பெயரை மட்டும் முழுதாக எழுதினார், வீட்டு விலாசத்தோடு.