பீஸ் கட்டையைப் போட்டது நான்தான்

மதினி,

இன்று காலை மகன் வீட்டில், துணி காயவைக்கும் மெஷினுக்குள் ஏதோ கடகடவென்று உருண்டது. மருமகளின் சாவிக்கொத்து துணியோடு துணியாக உள்ளே போய்விட்டிருந்தது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "நின்னப்புறம் எடுத்துக்கிடலாம் அத்தை, எதுக்கு இப்படிப் பதறுதீங்க?" என்றாள். அவள் சாவியை எடுத்துக்கொண்டு போன பிறகும் பிளக்கைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

உறவுமுறை எதுவும் இல்லாமலே உங்களை மதினி என்று கூப்பிட்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில், சங்கரன்கோவில் சாயப்பட்டறையில், நாம் இரண்டு பேரும்தான் ஹைட்ரோவில் வேலை பார்த்தோம். சாயம் தோய்ந்த நூல் சிட்டங்களைச் சுழற்றித் தண்ணீர் பிழிகிற பெரிய இரும்புக் கூடை அது. நம்முடையது பழையது. மூடி கிடையாது. சுவிட்ச் அணைந்த மாதிரி இருக்கும், சில நேரம் அணைந்திருக்காது. அதனால் உள்ளே எது விழுந்தாலும் முதலில் சுவரிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொள்வீர்கள். கூடை அசையாமல் நிற்கும்வரை இடுப்பில் கைவைத்துக் காத்திருப்பீர்கள். "சுத்துத வரைக்கும் அது யார் சொல்லும் கேக்காதுட்டி. நிக்கட்டும்" என்பீர்கள். பட்டறையில் உங்களைவிட நிதானமான ஆள் இல்லை.

ஆடித்தபசுக்கு முந்தின நாள். வேலை முடிந்ததும் அப்படியே கோயில் பக்கம் போகலாம் என்று, மாமியார் கொடுத்த கம்மலைக் காலையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். "கழத்தி முந்தியில முடிஞ்சு வையிட்டி" என்றீர்கள். நான் கேட்கவில்லை. ஓடுகிற கூடைக்குள் சிட்டங்கள் சரிந்திருக்கின்றனவா என்று குனிந்தபோது திருகாணி கழன்று, ஒரு கம்மல் கூடைக்கும் அதைச் சுற்றியிருந்த தொட்டிக்கும் நடுவில் விழுந்தது. அழ ஆரம்பித்துவிட்டேன்.

"அழாத. எடுத்திருவோம்." பீஸ் கட்டையைப் பிடுங்கினீர்கள். அன்று உங்கள் சேலை மடியெல்லாம் சாயத் தண்ணீர். "நீ கையில வச்சிரு. நான் சொல்லுத வரைக்கும் போடாத" என்று என்னிடம் கொடுத்தீர்கள். கூடை நின்ற பிறகுதான் குனிந்து கைவிட்டுத் துழாவினீர்கள்.

அடுத்த அறை விளக்கும் அதே லைன்தான். அங்கிருந்து மேஸ்திரி கத்தினார்: "எவ அவ பீஸைப் புடுங்கினது? இங்கன இருட்டாக் கெடக்கு!" இன்னொரு தப்பு நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று போன வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார். உங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டையைச் சொருகிவிட்டேன். சுவிட்ச் அணைந்திருக்கவில்லை; கூடை சுற்றிவிட்டது.

நீங்கள் அலறவில்லை. "ஏட்டி" என்றீர்கள், அவ்வளவுதான். வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

முதலாளி வந்து என்ன நடந்தது என்று கேட்டார். "நிக்கதுக்கு முன்னாலயே மதினி கைய விட்டுட்டாங்க" என்றேன். துணி சுற்றிய கையோடு தரையில் உட்கார்ந்திருந்த நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உங்கள் முந்தி முடிச்சை அவிழ்க்கச் சொன்னீர்கள். அதற்குள் என் கம்மல் இருந்தது. "போட்டுக்க. இல்லைன்னா உங்க மாமியா வைவா." பிறகு வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நானோ தபசுக் கூட்டத்தைப் பற்றியும் பஸ் நெரிசலைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து வந்தேன்.

நீங்கள் பட்டறைக்குத் திரும்பவே இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மேஸ்திரி, "அவசரப்பட்டா அவளுக்கு ஆன கதிதான்" என்பார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பஜாரில் நீங்கள் எதிரே வருவது தெரிந்தால் சந்துக்குள் புகுந்துவிடுவேன். ஒருமுறை பின்னாலிருந்து, "ஏட்டி, நல்லா இருக்கியா?" என்று கேட்டது. காதில் விழாதது போல் நடந்தேன்.

போன தையில் நீங்கள் போய்விட்டீர்கள். பதினாறாம் நாள், புளியங்குடியில் உங்கள் மகள் வீட்டுக்குப் போனேன். வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, அடுக்களையில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அம்மா அடுப்புக்கிட்டப் போனாலே, 'நீ அவசரக்காரி, தள்ளிப் போ'ன்னு ஏசுவேன் அத்தை. கடைசி வரைக்கும் ஏசுனேன். அதுக்கும் அவுக ஒரு வார்த்த சொல்லலியே."

என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவள் திட்டவில்லை. "அவுக இருக்கும்போதே வந்து சொல்லியிருக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டாள். குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பவும் பாத்திரத்தைத் துலக்க ஆரம்பித்தாள்.

விரல்கள் போனது ஒரு நொடியில். பெற்ற மகள் வாயால் நீங்கள் கேட்ட ஏச்சு இத்தனை வருசம். அது அத்தனையும் நான் கேட்டிருக்க வேண்டியது, மதினி. இப்போது தினமும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.